குல்நார் தோட்டத்தில் ஒரு கூப்பாடு

கோவில்பட்டியிலிருந்து யாத்திரை போனவர்கள் நாற்பத்தோரு பேர் குல்நார் தோட்டத்துக்குள் போனார்கள், நாற்பத்திரண்டு பேர் வெளியே வந்தார்கள். அரைமணி நேரம் வரை அது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் ஆள் குறைந்தால் தேடுவதும், ஆள் கூடினால் எண்ணியதில்தான் பிசகு என்று விட்டுவிடுவதும் யாத்திரை பஸ்களின் வழக்கம். யாத்திரையை நடத்திய ஆவுடையப்பன் பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், வரிசையில் நிற்பவர்களை எண்ணியே பழகியவர். அவர்கூட இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

வடக்கே மலை தொடங்குகிற இடத்தில், சர்வால் என்கிற சின்ன ஊருக்கு வெளியே இருக்கிறது அந்தத் தோட்டம். முகலாய இளவரசன் ஒருவன் தன் பேகம் கோடையைக் கழிப்பதற்காகக் கட்டியது என்று வாசலில் எழுதியிருந்தார்கள். நான்கு பெரிய சதுரங்கள், அவற்றின் நடுவே நீர் ஓடுகிற கால்வாய், கால்வாய் போய்ச் சேருகிற இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை, மேடைமேல் பன்னிரண்டு வாசல் வைத்த சிவப்புக் கல் மண்டபம். கால்வாய்க்கு இடது பக்கம் என்ன இருந்ததோ அதுவே வலது பக்கமும் இருந்தது. இடப்பக்கத்து ஏழாவது சைப்ரஸ் மரம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் வலப்பக்கத்து ஏழாவது மரமும் அதே அளவு சாய்ந்திருந்தது, இடப்பக்கத்து மாதுளையில் மூன்று பழம் வெடித்திருந்தால் வலப்பக்கத்து மாதுளையிலும் மூன்று பழம் வெடித்திருந்தது, இடப்பக்கம் ஒரு மைனா வந்து உட்கார்ந்தால் வலப்பக்கம் ஒரு மைனா வந்து உட்காரும்வரை தோட்டம் முழுவதும் ஏதோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பார்த்த உடனே அழகாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வாசல் காவலாளி, கால்வாய் ஓரமாகவே நேராகப் போய் நேராகவே திரும்ப வேண்டும், மண்டபத்தைச் சுற்றக் கூடாது என்று இந்தியில் சொன்னார், ஆவுடையப்பன் அதைத் தமிழில் சொன்னார், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் அவர்கள் ஒன்பது நாளில் பதினான்கு கோவில் பார்த்து வந்தவர்கள். மேடைமேல் ஒரு கல் மண்டபத்தைக் கண்டதும் யாரும் யாருக்கும் சொல்லாமலே அவர்களுடைய கால்கள் இடது பக்கப் பாதையில் திரும்பின, மண்டபத்தை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வலமாகச் சுற்றின, ஒன்றிரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள், ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். உள்ளே சாமி இல்லையே என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரே ஒரு ஆள்தான் வலது பக்கப் பாதையில் போனது. அது செண்பகத்தின் மகள் அரசி, வயது எட்டு. எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து பின்னால் எல்லோரையும் பயமுறுத்த வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

அரசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் முதல் கூப்பாட்டுக்கு வரமாட்டாள். இரண்டாவதுக்கும் வரமாட்டாள். மூன்றாவதுக்கு வருவாள். அந்தக் குணம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. செண்பகத்தைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், தீப்பெட்டி ஆபீசில் மெஷின் மெக்கானிக்காக இருக்கும் அய்யலுசாமி, தன் பெண்டாட்டிக்குக் காது கேட்காது என்றே நினைத்திருந்தார், பிறகு விஷயம் புரிந்து, பேரை மூன்று தரம் சேர்த்தே கூப்பிடப் பழகிக்கொண்டார். அய்யலுசாமிக்கு இந்த முறை லீவு கிடைக்கவில்லை, அதனால் செண்பகத்துக்கும் அரசிக்கும் துணையாக அவருடைய அக்காள் சீனியம்மாள் வந்திருந்தாள். ரயிலில் அவள் அடுத்த பெட்டிவரை கேட்கும்படி, "எங்க தம்பி பாதி ஆயுசைக் கூப்பிட்டே கழிச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதை பிரிகிற இடத்தில் நின்று செண்பகம் கூப்பிட்டாள். "அரசி, இடமாச் சுத்தக் கூடாது. திரும்பி வா."

அரசி உடனே திரும்பி ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் கூப்பாட்டுக்கே வந்துவிட்டாளே என்று செண்பகத்துக்கு ஆச்சரியம், பக்கத்தில் நடந்த சீனியம்மாளிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். பின்னால் வந்தவர்களில் ஒருவர், பிள்ளை திரும்பி வராமல் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்த ஞாபகம், பிறகு அவள் அம்மா பக்கத்தில் வருவதைப் பார்த்து, சரி, வந்துவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பி அரைமணி நேரம் ஆனபோது, கடைசி நீள சீட்டில் ஜமக்காளச் சுருட்டுகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த அரசி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நடைபாதையில் நடந்து வந்து, அம்மாவின் தோளைத் தட்டி, தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். செண்பகத்தின் மடியில் தலை வைத்திருந்த அரசி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் வலது முழங்காலில் ஒரே காயம், ஒரே பொருக்கு, பொருக்கின் ஓரம் ஒரே இடத்தில் பெயர்ந்திருந்தது.

பஸ்ஸில் யாரும் கத்தவில்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். செண்பகம் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, வந்து நின்ற பிள்ளையின் வாயில் வைத்தாள், பாதி தண்ணீர் சட்டையில் கொட்டியது. அந்தப் பிள்ளை குடிக்கக் குடிக்க, மடியில் இருந்த பிள்ளை தாகம் தீர்ந்தமாதிரி உதட்டைத் துடைத்துக்கொண்டது.

யாத்திரைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பயந்துகொண்டே இடம் ஒதுக்கினார்கள். மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். எது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பெண்கள் சேர்ந்து, அம்மா கூப்பிட்டு வந்த பிள்ளையின் சடையில் பச்சை நாடாவும் வராமல் போன பிள்ளையின் சடையில் சிவப்பு நாடாவும் கட்டினார்கள். அன்று இரவு தங்கிய சர்வால் தர்மசாலையில், யாத்திரையோடு வந்திருந்த சமையல்காரர் கொண்டல்சாமி, யாரும் சொல்லாமலே, இலையோடு இலையாக இன்னொரு இலை போட்டார். ஏன் போட்டீர் என்று ஒருவர் கேட்டதற்கு, வயிறு ரெண்டு இருக்குல்லா என்று மட்டும் சொன்னார். ஆவுடையப்பன் ஊருக்குத் திரும்புகிற ரயிலில் ஒரு பெர்த்தில் இரண்டு குழந்தைகள் படுக்கலாமா என்று சட்டத்தை யோசித்தார். சிலர் சாமியைக் கும்பிட்டார்கள், சிலர் பிள்ளைகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒருத்தி பச்சை நாடாக்காரிதான் நல்ல பிள்ளை, சொன்ன சொல் கேட்கிறாள் என்றாள், இன்னொருத்தி அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது என்றாள். மறுநாள் காலைக்குள், யாராவது "அரசி" என்று கூப்பிட்டால் எந்த அரசி என்று அடுத்தவர் கேட்பதும், அதைக் கேட்டுப் பதில் சொல்வதும் அவர்களுக்குள் சாதாரணமாகிவிட்டது.

சாதாரணமாகாதது ஒன்றே ஒன்று. அதை முதலில் கண்டவள் சீனியம்மாள்.

தில்லி ஸ்டேஷன் மெஷினில் விளையாட்டாக ஏறி நின்றபோது அரசியின் எடை இருபத்திரண்டு கிலோ. அந்தச் சீட்டைச் சீனியம்மாள் சுருக்குப்பையில் வைத்திருந்தாள். மறுநாள் காலை இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டத் தூக்கியபோது அவளுக்குக் கை வெறும் கையாகத் தெரிந்தது. சர்வால் கடைத்தெருவில் எடை மெஷினோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கூட்டிப்போய் நிறுத்தினாள். பச்சை நாடா பதினெட்டு கிலோ, சிவப்பு நாடா பதினெட்டு கிலோ. சாயங்காலம் மறுபடி நிறுத்தியபோது பதினாறு, பதினாறு. ஒருத்தி சாப்பிட்டால் இன்னொருத்திக்குப் பசி அடங்கியது, ஒருத்தி தூங்கினால் இன்னொருத்திக்குக் கண் சொருகியது, ஆனால் எவ்வளவு ஊட்டினாலும் அது ஒரு பிள்ளைக்குப் போடும் சோறாகத்தான் இரண்டு உடம்பில் சேர்ந்தது. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னால் பச்சை நாடா ஐந்து வரை சொல்லி நின்றாள், சிவப்பு நாடாவுக்கு ஆறிலிருந்துதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அய்யலுசாமி போன் பண்ணினார். நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செண்பகம் போனைப் பிள்ளைகளுக்கு நடுவில் பிடித்தாள். அப்பாவின் பேர், அப்பாவின் சைக்கிள், அப்பா சட்டையில் இருக்கும் தீப்பெட்டி மருந்து வாடை எல்லாம் பச்சை நாடாவுக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் போனில் கேட்கிற குரல் யாருடையது என்று தெரியாமல் முழித்தாள். சிவப்பு நாடா அந்தக் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்து அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இவங்க பேரு என்ன?"

செண்பகம் போனை வைத்துவிட்டுத் தர்மசாலைக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் திறந்து விட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

மூன்றாம் நாள் காலை, எடை பதிமூன்று, பதிமூன்று என்று ஆனபோது, தோட்டத்திலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். அவள் பேர் ஜீத்தோ, அந்தத் தோட்டத்தில் அரசாங்கத் தோட்டக்காரி, வயது நாற்பது இருக்கும், சல்வாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு, தோளில் அளவுக்கயிறு ஒன்றைச் சுருட்டி மாட்டியிருந்தாள். எங்கள் பொருள் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்றாள், பழகிய வேலையைப் பேசுகிறவள்போல நிதானமாக. அவள் சொல்லச் சொல்ல ஆவுடையப்பன் தமிழில் சொன்னார். 

அவள் சொன்னது இதுதான். அந்த இளவரசன் தோட்டத்தின் இரண்டு பக்கத்தையும் கயிறு பிடித்து அளந்து சமமாக்கினான், தோட்டம் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பாதை பிரிகிற இடத்தில் வலப்பக்கம் போகிற ஒருவரை யாராவது திரும்பி வா என்று கூப்பிட்டால், போகிறவர் போய்க்கொண்டே இருப்பார், திரும்பி வருகிறவரைத் தோட்டம் கொடுக்கும். இவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு மூன்று தரம் அப்படி நடந்திருக்கிறது: ஒரு வெள்ளாடு, சம்பளப் பட்டியல் எழுத வந்த ஒரு குமாஸ்தா, ஒரு கல்யாண மாப்பிள்ளை. இரண்டில் ஒன்றைத் தோட்டத்துக்குள் விட்டுவிட்டால் இரண்டுமே முழுசாக இருக்கும், எதை விடுகிறீர்கள் என்று தோட்டம் கேட்காது, இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் அதற்குப் போதும். இரண்டையும் வெளியே கொண்டுபோனால் ஒரு ஆளை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆறாம் நாள் இரண்டு மாலை மட்டும் கட்டிலில் கிடந்தது.

தோட்டத்தில் விடப்பட்டவர்கள் எங்கே இருப்பார்கள் என்று செண்பகம் கேட்டாள். மண்டபத்துக்குப் பின்பக்கம், நாம் பார்க்காதபோது இருப்பார்கள் என்றாள் ஜீத்தோ. படியில் ரொட்டி வைத்துவிட்டு வந்தால் காலையில் தட்டுக் காலியாக இருக்கும், சிலசமயம் ஆட்டுப் புழுக்கை கிடக்கும், குமாஸ்தாவின் இருமல் கேட்கும்.

"பொம்பளையாள் யாராவது இருக்காங்களா?" என்று செண்பகம் கேட்டாள். "தலை சீவிவிட, பக்கத்தில படுத்துக்கிட?"

ஆவுடையப்பன் கேட்டுச் சொன்னார். யாரும் இல்லை. ஆடும் குமாஸ்தாவும்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ரயில். தர்மசாலைக் கூடத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசினார்கள், பேசியதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தோட்டம் கொடுத்ததைத் தோட்டத்துக்கே கொடுத்துவிட வேண்டியது, பச்சை நாடாவை மண்டபத்துப் படியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டியது, அது உண்மையில் பிள்ளையே இல்லை, ஒரு கணக்குத்தானே என்றார்கள். பச்சை நாடா அந்தக் கூடத்தின் ஓரத்தில்தான் கொண்டல்சாமிக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், தோலை ஒரு பக்கம், மணியை ஒரு பக்கம், யாரும் சொல்லாமலே சுத்தமாக. கையில் இருந்த காயை உரித்து முடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நான் அங்க இருந்துக்கிடுதேன்மா," என்றாள். "திரும்பி வான்னு நீ கூப்பிட்டா வந்துருவேன்."

கூடத்தில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். கொண்டல்சாமி பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

சீனியம்மாள்தான் கடைசியில் பேசினாள். மனசைக் கல்லாக்கிக்கோ, நம்ம பிள்ளை நமக்கு வேணும்ல, ரெண்டையும் வச்சிருந்தா ரெண்டும் போயிரும், தம்பி முகத்துல நான் எப்படி முழிப்பேன் என்றாள். செண்பகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது தானா வரலை மதினி. நான் கூப்பிட்டேன்னுதானே வந்தது."

அதற்குப் பிறகு செண்பகம் ஒரு வழி சொன்னாள். அதை அவள் குளியலறையிலேயே யோசித்து வைத்திருந்தாள் என்று எல்லோருக்கும் தோன்றியது, அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். தானும் வலப்பக்கம் போக வேண்டும், தன்னையும் ஒருவர் திரும்பி வா என்று கூப்பிட வேண்டும். அப்போது அம்மாவும் இரண்டாகிவிடுவாள். ஒரு பிள்ளையோடு ஒரு அம்மா தோட்டத்தில் இருந்துகொள்வாள், ஒரு பிள்ளையோடு ஒரு அம்மா ஊருக்குப் போவாள். கேட்கக் கேட்க எல்லோருடைய மனமும் லேசானது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்து அம்மா, நம்ம பிள்ளைக்கு நம்ம அம்மா, அதுவும் சரிதானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆவுடையப்பன் மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, வெளியே வருவது நாற்பத்தோரு பேர், சரியாக இருக்கிறது என்றார்.

யார் கூப்பிடுவது என்று கேட்டபோது செண்பகம் சீனியம்மாளின் கையைப் பிடித்தாள். சீனியம்மாள் மாட்டேன் என்றாள், என் தொண்டையால அந்தப் பாவம் வேண்டாம் என்றாள், அழுதாள், வைதாள், கடைசியில் செருப்பைத் தேடினாள்.

பகல் பதினோரு மணிக்கு அவர்கள் குல்நார் தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்கள். வெயில் பளிச்சென்று அடித்தது, ஆனால் இடப்பக்கத்து மாதுளை மட்டும் பூவை எல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது, வலப்பக்கத்து மாதுளை சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது, அந்த ஒரு வித்தியாசத்தால் தோட்டம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எல்லோரையும் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள் ஜீத்தோ. செண்பகம் ஆளுக்கொரு கையாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரமாகவே போனாள், மண்டபத்துக்குள் புகுந்து பின்பக்கத்துப் படியில் அவர்களை உட்கார வைத்தாள், இரண்டு சடையையும் அவிழ்த்து மறுபடி பின்னி நாடாவை இறுக்கினாள். அவர்கள் அவ்வளவு லேசாக இருந்தார்கள், சாமந்திக் கூடையை வைத்துவிட்டு வருவதுபோல வைத்துவிட்டுப் பாதை பிரிகிற இடத்துக்குத் திரும்பி வந்தாள். சீனியம்மாள் அங்கே நின்றிருந்தாள்.

"ஒரு தடவைதான் கூப்பிடணும் மதினி," என்றாள் செண்பகம். சொல்லிவிட்டு வலப்பக்கம் நடந்தாள். சைப்ரஸ் நிழலும் வெயிலும் மாறி மாறி அவள் முதுகில் விழுந்தன, கருநீலச் சேலை, முடிந்து போட்ட கொண்டை, வெடித்த குதிகால். நான்கு மரம் தாண்டினாள், ஐந்து மரம் தாண்டினாள். சீனியம்மாளுக்கு வாய் திறக்கிறது, காற்றுத்தான் வருகிறது. வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் தங்கள் தொண்டையைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். சாய்ந்த ஏழாவது மரத்தை அவள் நெருங்கும்போது சத்தம் வந்தது.

"செண்பகம், திரும்பி வா."

அவள் திரும்பி வந்தாள். அவள் போய்க்கொண்டும் இருந்தாள். திரும்பி வந்தவள் நேராக வந்து சீனியம்மாளின் முன்னால் நின்றாள், முகத்தில் கலக்கம் ஒன்றும் இல்லை, நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது, சீனியம்மாளின் கையைத் தொட்டபோது அந்தக் கை சூடாக, எப்போதும்போல மசாலாப் பொடி வாசத்தோடு இருந்தது. மதினி, நீங்க வாசலுக்குப் போங்க என்றாள். அவள் இடப்பக்கப் பாதையில் போனாள், மற்றவள் வலப்பக்கப் பாதையில் அதற்குள் கண்ணுக்கு மறைந்திருந்தாள், இரண்டு பேரும் மண்டபத்துக்குப் பின்னால், யாரும் பார்க்க முடியாத இடத்தில், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த படியில் சந்தித்திருக்க வேண்டும்.

அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு தரம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, ஒரு பிள்ளையா இரண்டா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு குமாஸ்தாவின் இருமல் கேட்டது. அதற்கும் பிறகு, கால்வாய் ஓரமாக, செண்பகம் அரசியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், அரசியின் சடையில் சிவப்பு நாடா இருந்தது. வாசலைத் தாண்டி அரசி ஒரு கல்லில் தடுக்கியபோது செருப்புத் தரையில் தப்பென்று கனமாக விழுந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். கடைத்தெரு மெஷினில் இருபத்திரண்டு கிலோ. அய்யலுசாமி என்றாள் அரசி, யாரும் கேட்காமலே, அப்பா பேரு அய்யலுசாமி.

ஆவுடையப்பன் மூன்று தரம் எண்ணினார். நாற்பத்தொன்று. தோட்டத்து வாசலில் பஸ் கிளம்பும்போதே, ஜீத்தோ இரண்டு தட்டில் ரொட்டி எடுத்துக்கொண்டு மண்டபத்துப் பக்கம் போவதைப் பார்த்திருந்தார்கள். இரண்டு பக்கத்து மாதுளையும் ஒன்றுபோலப் பூத்திருந்தன. தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தவர்கள் அவ்வளவையும் பார்த்துவிட்டு, உடனே ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகு யாத்திரைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசக் கூடாது என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை. கடைத்தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் பிள்ளை நல்லா இருக்கா என்று மட்டும் கேட்டார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. கோவிலுக்குப் போனால் அவர்கள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கையைப் பிடித்துத்தான் சுற்றினார்கள்.

வந்து எட்டு நாள் ஆகியிருக்கும். சாயங்காலம், சீனியம்மாள் தம்பி வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அய்யலுசாமி சைக்கிளை நிறுத்திக்கொண்டே மகளைக் கூப்பிட்டார். அரசி. பதில் இல்லை. அரசி. மாடியில் ஏதோ உருளுகிற சத்தம். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது, என்னப்பா என்று சலித்துக்கொண்டே படியில் இறங்கி வந்தாள். சீனியம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. நம்ம பிள்ளைதான், சந்தேகமே இல்லை, நம்ம பிள்ளையேதான். எட்டு நாளில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அய்யலுசாமி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்பக்கம் பார்த்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "செண்பகம்."

இரண்டாவது கூப்பாட்டுக்கு அவர் மூச்சை இழுத்தார், பதினொரு வருஷப் பழக்கம். அதற்குள் அவள் வந்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கூப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

அவர் இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார், பிறகு சிரித்தார், வடக்கே போய்த் திருந்தி வந்துட்டா என்று அக்காளிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். சீனியம்மாளின் கையில் முறம் சாய்ந்து உளுந்து சிதறியது. சைப்ரஸ் நிழலில் கூப்பிட்டும் திரும்பாமல் போன அந்த முதுகு அவளுக்குத் தெரிந்தது, வெடித்த குதிகால் தெரிந்தது, நான் கூப்பிட்டேன்னுதானே வந்தது என்று சொன்ன குரல் கேட்டது. செண்பகம் தோட்டத்தில் எந்தப் பிள்ளையோடு இருந்துகொண்டாள் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. வீட்டு வாசலில் நின்றவள் சீனியம்மாளை அமைதியாகப் பார்த்தாள், கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை, பிறகு குனிந்து, சிதறிய உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டு, அரசியின் அவிழ்ந்த சடையைப் பின்ன உட்கார்ந்தாள். நன்றாகத்தான் பின்னினாள். அரசி அவள் மடியில் சாய்ந்துகொண்டாள்.

சீனியம்மாள் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை, ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து பக்கத்தில் போய்த்தான் கேட்கிறாள். கூப்பிட்டால், வந்துவிடுவாள்.